கண்மை

பல்கலை நகர் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், டிடிபி, ஸ்பைரல் பைண்டிங்.
பதினாறு வருஷமாய் நான் உட்காரும் நாற்காலியின்
இடது கை செல்லோ டேப்பில் நிற்கிறது.

முனைவர் பட்டச் சேர்க்கைக்கு
ஆய்வுத் திட்ட வரைவு, ஆயிரத்தைந்நூறு சொல்லுக்கு மிகாமல்.
எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்ததுதான்.
பக்கம் முப்பது ரூபாய், அவசரம் என்றால் நாற்பது.
இன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எனக்கு நானே அவசரம்.

பெயர்: மு. ஒச்சம்மாள்.
தகுதி: எம்.ஏ., அஞ்சல் வழி.
பணி அனுபவம் என்ற கட்டத்தில்
தட்டச்சு என்று போட்டு, அழித்து,
ஆய்வேடு உருவாக்கம் என்று போட்டு, சிரித்து,
மறுபடி தட்டச்சு.

ஆய்வுச் சிக்கல்:
2011, ஏப்ரல், இரவு ஒரு மணி.
விடிந்தால் சமர்ப்பிக்க வேண்டிய சவரிநாதன்
கைப்பிரதியைக் கொடுத்துவிட்டு
பெஞ்சிலேயே தூங்கிப்போனார்.
அவர் கையெழுத்தில் காலும் யகர ஒற்றும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.
கண்மாய்ப் பாசனம் என்று அவர் எழுதியதை
கண்மைப் பாசனம் என்று அடித்தேன்.
கருமாத்தூர்ப் பக்கம் கண்மாயில் நீந்திப் பழகியவள்தான்.
விரலுக்குத் தெரியவில்லை.

ஒரே இடம். ஆனால் இயல் தலைப்பு.
அதனால் பக்கத்துக்குப் பக்கம், மேல் ஓரத்தில்,
நாற்பத்தொரு முறை.
நெறியாளர் ஒப்பமிட்டார்.
புறத்தேர்வாளர் பாராட்டி எழுதினார்.
வாய்மொழித் தேர்வு முடிந்து
காராச்சேவு ஒரு பொட்டலம் எனக்கும் வந்தது.

முந்தைய ஆய்வுகள்:
2014இல் ஒருவர் மேற்கோள் காட்டினார், பக்க எண்ணோடு.
2017இல் ஓர் அடிக்குறிப்பு: கண்மை, மதுரை வட்டார வழக்கு.
2021இல் வந்தவர் கெட்டிக்காரர்.
மை என்றால் மேகம்,
மேகத்து நீர் இறங்கிக் கண்ணயரும் இடம் கண்மை என்று
ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.
மூன்றையும் நான்தான் அடித்தேன்.
மூன்றாவதில் கை நின்றுவிட்டது.
யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.
எவ்வளவு அழகாய் இருக்கிறது,
நான் தூக்கத்தில் பெற்றது.
சொல்லியிருக்கலாம்.
அவர் பைண்டிங் காசு பாக்கி வைத்திருந்தார்.

ஆய்வு இடைவெளி:
எங்கள் கடையில் இடைவெளி என்றால் ஒன்றரை.
வரிக்கும் வரிக்கும் நடுவே
யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று
இதுவரை யாரும் பார்க்கவில்லை.

நோக்கம்:
ஒரு பிழை யார் கையைப் பிடித்து நடந்து போகிறது,
எந்த அலமாரியில் போய் அறிவாகிறது.

கருதுகோள்:
கையெழுத்துப் போட்டவர் எவரும் வாசிக்கவில்லை.
அழித்தேன். அது கருதுகோள் இல்லை, கோபம்.
கர்சர் மட்டும் கொஞ்ச நேரம் துடித்தது.

முதன்மைத் தரவு, பிழையின் தோற்றுவாய்:
அறியப்படவில்லை என்று எழுதிவிட்டால் போதும்.
நெறியாளர் ஒப்புதல் கடிதம் வாங்க
நாளை பதினொரு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்,
இப்போது இணைப் பேராசிரியர்,
முனைவர் சவரிநாதன்.
அவர் கவனித்தாரா, கவனித்தும் விட்டுவிட்டாரா,
இத்தனை வருஷத்தில் நானும் கேட்டதில்லை.
எப்போது வந்தாலும்
நல்லா இருக்கியாம்மா என்பார்.

சொல் எண்ணிக்கை சரியாக ஆயிரத்தைந்நூறு.
அறியப்படவில்லை என்பதன் மேல் நீலம் விழ
இழுத்துப் பிடித்து, அழித்து, அடித்தேன்:
அதை அடித்தவள் நான்.

இரண்டு சொல் கூடிவிட்டது.
எதை வெட்டலாம் என்று மேலே போய்ப் பார்க்கிறேன்.
சமூகப் பயன் என்ற பத்தி
கொஞ்சம் பெருத்துத்தான் கிடக்கிறது.