செலோடேப்

சாட்ஸ்வர்த்தில் பள்ளி திறந்த முதல் வாரமே
கிரேயான்களை உடைத்துவிடுவேன் நான்.
பழைய வீடுகளுக்கு இது தெரியும்.
புதிதாய்ப் பிள்ளை சேர்த்தவர்களுக்குத்தான்
தெரியாது.

முழுக் கிரேயானை ஆறு வயது
பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் பிடிக்கும்,
முஷ்டி இறுக,
எந்த நிமிஷமும் டிரைவர் பிரேக் போடலாம் என்பதுபோல்.
பாதியாய் ஒடித்துக் கொடுத்தால்
முஷ்டிக்கு அங்கே இடமில்லை.
கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல்,
அவ்வளவு பேர்தான் நிற்கலாம்.
மற்ற இரண்டும்
உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
மூன்று வருஷம் படித்து வாங்கிய சான்றிதழில்
தினமும் உபயோகப்படுவது
இது ஒன்றுதான்.

அன்றைக்குத் தாளில் ஓர் ஆமை.
முதுகில் பதின்மூன்று கட்டம்.
பிரெனோலன் நாய்க்கர் மேஜையில்
இன்னும் விலைச்சீட்டு கிழிக்காத புதுப் பெட்டி.
டக். டக். டக்.
இருபத்துநான்கு நாற்பத்தெட்டானது.
அவன் அழவில்லை.
ஒவ்வொரு டக்கையும் எண்ணினான்,
உதடு மட்டும் அசைய.
மணி அடித்ததும் எல்லாத் துண்டையும்
சாப்பாட்டு டப்பாவில் போட்டு
வீட்டுக்குக் கொண்டுபோனான்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு
வகுப்பு வாசலில் அவன் அப்பா.
நீல ஓவரால். நகக்கண்ணில் சாம்பல்நிற பிரைமர்.
ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையில்
மோதி நசுங்கிய கார்களை
நிமிர்த்துகிறவர்.
கையில் ரொட்டிப் பை.
பைக்குள் இருபத்துநான்கு கிரேயான்,
முழுசாக.

ஒவ்வொன்றின் இடுப்பிலும்
மூன்று சுற்று செலோடேப்.
ஒரு சுருக்கம் இல்லை,
காற்றுக் குமிழி இல்லை.
அந்தப் பெட்டியில் பச்சையே ஐந்து உண்டு.
எந்தப் பச்சைக்கு எந்தப் பச்சை என்று
உடைந்த வாயோடு வாய் வைத்துப் பார்த்திருக்கிறார்.
எத்தனை மணி வரை விழித்திருந்தாரோ.

பேசியது ஆங்கிலம்தான்.
நடுவில் ஒரே ஒரு சொல் தமிழில் வந்தது:
"பாவம்."
யாரைச் சொன்னார் என்று
நான் கேட்கவில்லை.

என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது.
விரல் தசை, மணிக்கட்டு,
இன்று வண்ணம் அடித்தால்
நாளை வரிசை தவறாத எழுத்து.
பெற்றோர் கூட்டத்தில் சொல்லிச் சொல்லி
வழுவழுத்துப் போன வாக்கியங்கள்.
அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு
அவற்றைச் சொல்ல முடியவில்லை.
"தேங்க்யூ மிஸ்டர் நாய்க்கர்" என்றேன்.
ஏழரைக்கு ஷிஃப்ட். போய்விட்டார்.

இனி இவற்றை மறுபடி உடைப்பதா?
உடைக்கிற தைரியம் எனக்கில்லை.

நோலுவாசிதான் ஆரம்பித்தாள்.
ஊதாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
செலோடேப்பின் முனை
கண்ணுக்கு அகப்படாது.
நகத்துக்குத்தான் அகப்படும்.
அவள் நகத்துக்கு அகப்பட்டது.
சர்ரென்று அது உரியும் சத்தம் கேட்டு
நாற்பத்தொரு தலையும் திரும்பியது.

ஜோடிக்கு ஒன்று கொடுத்தேன்.
அதன்பின் சத்தமே இல்லை.
கட்டைவிரல், ஆட்காட்டி,
நாக்கு நுனி வெளியே,
ஒரு வருஷமாய் நான் கெஞ்சிக் கேட்கும் வேலையை
யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.
ஜன்னல் வழியே குரங்கு இறங்கி வந்து
கேஷலனின் பன்னை எடுத்துக்கொண்டு
சாவகாசமாய்த் திரும்பிப் போனது.
கேஷலனே பார்க்கவில்லை.

பிரெனோலன் மட்டும் ஒன்றை உரிக்கவில்லை.
கரும்பச்சை.
அப்பா சுற்றிய இடம் லேசாய்த் தடித்திருந்தது.
சரியாக அந்தத் தடிப்பில்
மூன்று விரல் வைத்தான்.
மற்ற இரண்டும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன.
ஆமையின் நாலாவது கட்டத்தில்
கோட்டைத் தொட்டு நின்றது பச்சை.
ஐந்தாவதில் தாண்டிவிட்டது.

சாயங்காலம் ஆறு ரோல் செலோடேப் வாங்கினேன்.
இதை எந்தச் செலவில் எழுதுவது என்கிறார்
ஆபீஸில் மிஸ் பத்தையாச்சி.
நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.