செத்த மரத்துக்குக் கூலி அதிகம்

வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில்
செங்கோல் கணக்கு எழுதினார்.
முன்பக்கம் யாருடைய வருமானச் சான்றிதழோ,
பாதி கறுப்பாய் விழுந்தது.

பள்ளத்தூரில் என் வீடு ஒரு சந்துக்குள்.
இந்தப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பின்சுவர்,
அந்தப் பக்கம் இன்னொன்று,
நடுவே ஆறடி.
கிரேன் வராது. டிராக்டர் வராது.
எதிரே மாடு வந்தால் என் மொபெட்டே
பின்னால் போக வேண்டும்.

கொல்லையில் வாகை.
போன கோடைக்கு முந்தின கோடையில் செத்தது.
காற்றடித்தால் நெற்றெல்லாம்
சில்லறை குலுக்கும்.

செங்கோல் முதலில் மரத்தைப் பார்க்கவில்லை.
சந்தின் அகலத்தைக் காலடியால் அளந்தார்.
என் ஓட்டுக்கூரை, மின்கம்பி,
பிறகு மேற்கே எட்டிப் பார்த்தார்.
அந்தப் பெரிய வீடு இப்போது ஹோட்டல்.
மரம் அவர்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

கடைசியாகத்தான் வாகை.
விரலை மடக்கித் தண்டில் தட்டினார்,
கதவைத் தட்டுகிற மாதிரி.
காது வைத்துக் கேட்டார்.
"உள்ளே ஆள் இல்லை" என்றார்.
"முப்பத்தோராயிரம்."

என் கடையில் ஒரு தாள் இரண்டு ரூபாய்.
மனசு தானாக வகுத்தது:
பதினைந்தாயிரத்து ஐந்நூறு தாள்.

"செத்த மரத்துக்கா?"
"செத்ததனாலதான்.
பச்சை மரம் சொல்லிட்டு முறியும்.
இது சொல்லாது.
அடைக்கலம் மேல ஏறணும்,
கயிறை எந்தக் கொப்புல கட்டுவான்?
எந்தக் கொப்பு அவன் கனம் தாங்கும்?"

சந்து முனையில் பன் தின்றுகொண்டிருந்த அடைக்கலம்
மெல்லுவதை நிறுத்தினான்.

"உசிரோட இருந்தப்பவே கூப்பிட்டிருந்தா
மில்லுக்காரன் கட்டையை எடுத்திருப்பான்,
உங்க கையில நானே எட்டாயிரம் வச்சிருப்பேன்.
இப்ப வண்டு தின்னது.
சூளைக்காரன்கூட மூஞ்சியைச் சுளிப்பான்."

எட்டாயிரம் வரவு, முப்பத்தோராயிரம் செலவாய் மாற
நான் பார்த்த வேலை ஒன்றே ஒன்று:
காத்திருந்தேன்.
ஒரு மழைக்குத் துளிர்க்கும் என்று.
அப்புறம் மகளின் செமஸ்டர் பீஸ் முடியட்டும் என்று.
அப்புறம் சும்மா.

"ஹோட்டல் பின்கதவைத் திறந்துவிட்டா
பத்தாயிரம் குறையும்" என்றார் செங்கோல்.

மேனேஜர் காசிலிங்கம் தரையைக் காட்டினார்.
ஆத்தங்குடிக் கல், நூறு வருஷம்,
ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ இனி கிடைக்காது.
சாக்கு விரிக்கிறோம் என்றோம்.
விருந்தாளிகள் மதியம் தூங்குவார்கள் என்றார்.

"அப்ப இப்படியே நிக்கட்டும் சார்.
உங்க பக்கம்தானே சாஞ்சிருக்கு."

அவர் மாடியைப் பார்த்தார்.
அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா
காபியில் விழுந்த நெற்றை
இரண்டு விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய், இரண்டிலிருந்து ஐந்து வரை.

அடைக்கலம் ஏறினான்.
ஒவ்வொரு கொப்பையும் உதைத்துப் பார்த்து,
அது பதில் சொல்லக் காத்திருந்து.
கீழே நாலு பேர் கயிறு பிடித்தார்கள்.
நான் முந்தானையைப் பிடித்திருந்தேன்.

சாக்கில் சுற்றிய துண்டுகள்
அந்த நீள வீட்டுக்குள் நுழைந்து
அடுத்த தெருவில் லாரி ஏறின.
இருபது வருஷம் அதன் நிழலில் துணி காயாமல்
சண்டை போட்டிருக்கிறேன், உள்ளே போனதில்லை.
ஒரு துண்டுக்கு நானும் கை கொடுத்தேன்,
பார்க்க.
கட்டுக்குப் பின் கட்டாய்க் கதவுகள்,
கடைசியில் தீப்பெட்டி அளவு தெரு.

நாலே முக்காலுக்கு அடித்தண்டில் ரம்பம் கத்தியது.
தீப்பொறி.
உள்ளே ஓர் இரும்புக் கொக்கி,
மரம் விழுங்கி மேலே தோல் மூடியிருந்தது.
கொடி கட்ட நான் அடித்தது.
அடித்ததையே மறந்திருந்தேன்.

"செயின் ஒண்ணு, ஆயிரத்து முந்நூறு" என்று
தாளின் ஓரத்தில் எழுதினார் செங்கோல்.
"இது உங்க கணக்கு."
அடிக்கட்டையைத் தோண்ட இன்னும் நாலாயிரம்.
வேண்டாம் என்றேன்.

லாரி போனது.
ஊறவைத்த துணி காலையிலிருந்து வாளியில்.
பிழிந்துவிட்டு நிமிர்ந்தேன்.
கொடியின் ஒரு முனை சுவரில்,
மறுமுனை என் கையில்.