மூன்றாவது பச்சை

"ரெண்டு பச்சை எரியுது, மூணாவது எரியல" என்று
ரேடியோவில் தாரணி சொன்னபோது
ஹேங்கருக்குப் பின்னால்
நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.
சோப்பு நுரையோடு நின்றேன்.

மூக்குச் சக்கரம்.

செவ்வாய்க்கிழமை இதே கையால்
விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி
ஆறு தடவை மடக்கி, ஆறு தடவை நீட்டி,
ஒவ்வொரு தடவையும் கொக்கி
டக்கென்று விழுவதைக் காதால் கேட்டு
நோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்.
கையெழுத்தின் வால்மேல்
ஒரு விரல் கிரீஸ்கூட இருக்கும்.

பல்பு போயிருக்கும் என்றார் செங்கோடன்.
எரிகிற பல்பைப் பிடுங்கி
எரியாத குழியில் வைக்கச் சொன்னோம்.
வைத்தாள்.
எரியவில்லை.
அப்படியானால் சக்கரம்,
இல்லையென்றால் சக்கரத்தைப் பற்றிச்
சேதி சொல்கிற ஒயர்.
கோளாறு காலிலா வாயிலா
என்று தெரியாமல்
மேலே ஒருத்தி, தனியாக.

பெட்ரோல் குறையட்டும், சுற்றிக்கொண்டிரு என்றது டவர்.
ஓமலூர் மேல் ஒரு வட்டம்,
தாரமங்கலம் பக்கம் ஒரு வட்டம்.
கீழே ஆலைக் களங்களில்
ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்திருக்கும்.
காங்கேயத்தில் அவள் அப்பாவுக்குக் கொப்பரைக் களம்.
மழை இறங்கினால் தார்ப்பாய் இழுக்க
இவளும் ஓடுவாளாம்.
போன வாரம் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடி சொன்னாள்:
"மேகத்தைப் பாத்தா இன்னமும்
கொப்பரை நனையப்போகுதுன்னுதானுங்ண்ணா தோணுது.
தேர்வுல வேற மாதிரி எழுதோணும்."

தாழப் பறந்து காட்டு என்றார்கள்.
ஓடுபாதை ஓரத்தில் நாங்கள் ஏழு பேர்,
ஒரே ஒரு பைனாகுலர்.
வேலிக்கு அந்தப் பக்கம்
மேச்சேரி ஆடு மேய்க்கிறவர்
துண்டை எடுத்து நெற்றிமேல் பிடித்துக்கொண்டார்.

வந்தாள்.
மூன்று காலும் தொங்கிக்கொண்டிருந்தன,
இறக்கையைப் பிடித்துத் தூக்கிய கோழிக்குத்
தொங்குவதுபோல.

"இறங்கித்தான் இருக்குது" என்றார் செங்கோடன்.
பூட்டியிருக்கிறதா என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

கதவு சாத்தியிருப்பது தெருவுக்குத் தெரியும்.
உள்தாழ் போட்டிருக்கிறதா என்பது
தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.
இங்கே தள்ளிப் பார்ப்பதென்றால்
தரையில் வைப்பது.

இன்ஜினை அணைப்பதா வேண்டாமா என்று
டவரில் சின்ன வாக்குவாதம் நடந்தது.
அது முடிவதற்குள் அவள்
பாதைக்கு நேராக வந்துவிட்டாள்.

பின்சக்கரம் இரண்டும் தொட்டன. கொஞ்சம் புகை.
மூக்கைத் தூக்கியே வைத்திருந்தாள்,
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுகிறவள்போல
அவசரமே இல்லாமல்.
எனக்கு ஓடத் தோன்றியது.
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
தீயணைப்பு வண்டியின் டிரைவர்
கியரைப் போட்டுவிட்டு
கிளட்சை மிதித்தே வைத்திருந்தார்.

இறங்கியது மூக்கு.

தாங்கியது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.
ஆட்டுக்காரர் மட்டும்
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தாரணி இறங்கி வந்து
தண்ணீர் கேட்கவில்லை. அழவும் இல்லை.
"எந்த ஒயருங்ண்ணா?" என்றாள்.

சக்கரக் காலோடு சேர்ந்து மடங்குகிற ஒயர்.
மேல்தோல் புதுசுபோல இருந்தது.
உள்ளே செம்பு அறுந்திருந்தது.
விரலால் வளைத்தேன், பச்சை எரிந்தது.
நிமிர்த்தினேன், அணைந்தது.
அவள் விமானி இருக்கையில் உட்கார்ந்து
"எரியுது... இல்ல... எரியுது" என்று
சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆறு தடவை மடக்கி ஆறு தடவை நீட்டினேனே,
அந்தப் பன்னிரண்டில் எதிலோ
கடைசி இழை போயிருக்கலாம்.
சோதித்ததாலேயே அறுந்ததா,
சோதிக்கும் முன்பேவா?
நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

"ஒயர் மாற்றப்பட்டது" என்று எழுதினேன்.
கையெழுத்துப் போடும்போதுதான் பார்த்தேன்,
மணிக்கட்டில் சோப்பு
வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருந்தது.