எந்தப் பாத்தி

ராக்ஹாம்ப்டனுக்கு வெளியே, மே மாதம்.
நூற்றுப் பதினான்காம் பாத்தி:
இடுப்பளவே வளர்ந்த செடி,
கணுவுக்கு மூன்று காய்.
தோளுயரம் நிற்கும் பக்கத்துப் பாத்தியில்
காய் குறைவு, இலைதான் ஆர்ப்பாட்டம்.

உயரத்துக்கும் விளைச்சலுக்கும்
எள்ளளவும் உறவில்லை என்று எழுதி,
அடித்துவிட்டு, எண்ணைப் போட்டேன்.

டேரனின் அறுவடை எந்திரம்
ஒரே நாளில் இருபது ஹெக்டேர் தின்னும்.
அதற்கு வாய் திறக்காத காய் வேண்டும்.
வெடிப்பதுதான் எள்ளின் குணம்;
அதை ஒடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

வெடிக்கிற பழைய ரகத்தையும்
ஒரு வரிசை விட்டுவைத்திருக்கிறேன்,
செலவுக் கணக்கில் ‘ஒப்பீட்டுக்கு’ என்று காட்டி.
நோய் வந்தால் அதனிடம்தான் கையேந்த வேண்டும்.

இரவு காலுறையை உதறினேன்.
குளியலறைத் தரையில் கருப்பாய் ஏழெட்டு.
எந்தப் பாத்தி என்று
அவை சொல்லவில்லை.