செவ்வாய்த் தவணை

அந்தோனியாருக்கும் செவ்வாய்,
லோன் பொடியனுக்கும் செவ்வாய்.
பூசைக்கு முதலாம் மணி அடிக்கையில்
நான் கரையில் நண்டு கழட்டிக்கொண்டிருப்பேன்,
கிலோக் கணக்கில் கூலி.
இரண்டாம் மணிக்கு
கையில் உப்பும் பாசியும் காயாமல்
பாசையூர்க் கோயிலின் கடைசி வாங்கில்.
பத்து மணிக்கு
ஜெசிந்தா வீட்டு விறாந்தையில்
ஆறு பெண்கள், ஏழு சிவப்பு அட்டைகள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே காசு எண்ணுகிறவன்.

வலைக்கென்று எடுத்த கடன்.
கடலில் விட்ட மூன்றாம் இரவு
அக்கரையிலிருந்து வந்த றோலர்
இருபத்திரண்டு வலையையும் வாரிக்கொண்டு போனது.
மிஞ்சியது ஒரு மிதப்புக்கட்டை.
அதைக் கொண்டுவந்து
மாதா படத்துக்குக் கீழே வைத்தார் பிலேந்திரன்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதற்குப் பிறகு கோயில் பக்கம் வரவுமில்லை.
"உன்ரை ஆளிட்டை நீயே சொல்லு" என்பார்,
எனக்கு மட்டும் பழக்கமான
யாரோ ஒருவரைப் பற்றிக் கதைப்பதுபோல.

சொன்னேன்.
பதின்மூன்று செவ்வாயும் சொன்னேன்.
தொலைந்ததைத் தேடித் தருகிறவர்
வலையைத் தரவில்லை.

றூபி ஓடினது அந்த மாரியில்.
ஞானறூபி, எங்கள் குழுவில் ஏழாம் ஆள்.
எனக்கு அவள் பிணை, அவளுக்கு நான்.
விடிய எழும்பிப் பார்த்தால் கதவில் பூட்டு,
முற்றத்தில் கோழிகள் பசியில் கத்துகின்றன.
அவளுடைய தவணையை ஆறாய்ப் பிரித்து
எங்கள் அட்டைகளில் எழுதினான் பொடியன்.
என் பங்குக்கு முந்நூற்று எண்பது.
மகனுடைய ரியூசன் காசு.

அன்றிலிருந்து
கர்த்தர் கற்பித்த செபத்தில்
ஓரிடத்தில் எனக்குக் கால் தடக்கும்.
இப்போது எல்லோரும் அங்கே பாவம் என்கிறார்கள்.
என் அம்மா சொல்லித் தந்த பழஞ்செபத்தில்
கடன் என்றுதான் வரும்.
கடன்காரர் என்றும் வரும்.
சனம் அடுத்த வரிக்குப் போய்விடும்.
நான் அங்கேயே நின்று
யார் யாருக்கு எவ்வளவென்று விரல் மடிப்பேன்.
ஆமென் கேட்கும்போதும்
நான் முந்நூற்று எண்பதில்தான்.

ஆனியில், கொடியேறிய கிழமை,
சமாதானம் சொல்லத் திரும்பினேன்.
தூணோடு ஒட்டிக்கொண்டு றூபி.
மன்னார்ப் பக்கம் வாடியொன்றில் நிற்கிறாள் என்று கேள்வி.
அரைவாசி ஆளாய் வந்திருந்தாள்.

என் வாய்க்குள் வந்தது சமாதானமில்லை.
இருபத்தொரு கிழமைக் காசு,
செத்துப்போன இரண்டு கோழி,
ஜெசிந்தா அழுத அழுகை,
எல்லாம் தொண்டையில் முள்ளாய் நின்றன.
கைகூப்பினேன். அவளும் கூப்பினாள்.
விரல் முழுக்க நண்டு கிழித்த கோடுகள்.
கோடுகளை மட்டும் பார்த்தால்
எது என் கை என்று எனக்கே தெரியாது.

"சாப்பிட்டனியோ?"
அதைத்தான் கேட்க முடிந்தது.

வீட்டில் பிலேந்திரன்
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.
தன் கோப்பையிலிருந்த பிட்டில் பாதியை
அவள் பக்கம் தள்ளினார்,
மீன் துண்டையும் சேர்த்து.
கோயிலுக்கு வராத மனிதன்.
நான் சம்பல் எடுக்கப் போவதுபோல
குசினிக்குள் போய் நின்றேன், கொஞ்ச நேரம்.

மன்னித்தேனா, தெரியாது.
அடுத்த செவ்வாயும் முந்நூற்று எண்பது கட்டினேன்,
பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஆண்டவரே,
கழட்டும்போது நண்டு
கண்ணியைத்தான் இறுக்கிப் பிடிக்கிறது,
தன்னைப் பிடித்த அதே கண்ணியை.
காலை ஒடித்தால்
ஒடிந்த கால் நூலில் தொங்குகிறது,
அப்போதும் விடாது.
விசர் நண்டே, என்று ஏசுவேன்.
இன்று விடியவும் ஏசினேன்.
ஏசிக்கொண்டிருக்கையில் இரண்டாம் மணி அடித்தது.
கையைக் கடல் தண்ணீரில் அலம்பிக்கொண்டு
எழும்பி வந்தேன்.