விருந்தோம்பல் செலவு அனுமதியில்லை

தூதரகத்தில் என் வேலை
இன்னொருவர் பெயரில் வருந்துவது.
இந்த ஆண்டு விண்ணப்பம் இருநூற்றுப் பன்னிரண்டு.
பணம் பதினொன்றுக்குத்தான்.
இருநூற்றொரு முறை வருந்தினேன்,
ஒரே வாக்கியம், பெயர் மட்டும் மாறும்.

பிஷ்கேக்கில் ஜனவரிக் கரிப்புகை
ஜன்னல்வரை வந்து நிற்கும்.
கீழே விசாவுக்கு நிற்கிறார்கள்.
மேலே நான் கோப்புகளுக்கு எண் போடுகிறேன்.
நூற்று நாற்பத்தேழைப் பிரித்தால்
உள்ளே என் ஊர்.

சாரி-புலுங்.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் அறுபது வீடு,
அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்.
நடுவில் ஒரு பாலம் இருப்பதாக
ஏட்டில் இருக்கிறது.

கையெழுத்து புருல்சுனுடையது.
எட்டாம் வகுப்பில் என் வேதியியல் தாளைப் பார்த்து எழுதியவள்,
என் பிழைகளில் ஒன்றைக்கூட விடாமல்.
இப்போது நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.
கேட்டிருப்பது:
கிராமக் கணக்கை ஊர் நடுவில் வாசிக்க ஆறு கூட்டம்,
மடக்கு நாற்காலி நாற்பது,
ஒலிபெருக்கி ஒன்று,
தேநீர், சர்க்கரை, ரொட்டி ஆறாயிரத்து நானூறு சோம்.
எதிர்பார்க்கும் விளைவு என்ன, அளவிடும்படி சொல்க
என்ற கட்டத்தில்:
ஒரு கேள்வி.
கேட்டதும் எண்ணிக்கொள்ளலாம்.

விதி எனக்குத் தெரியும். எழுந்தேன்.
"எனக்கு வேண்டியவர்கள். நான் வெளியே இருக்கிறேன்."

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்
தண்ணீர் இயந்திரம் ஒருமுறை கொப்பளித்தது.
அந்தப் பக்கம் சத்தமில்லாமல் ஐந்து வாய்கள்.
இரண்டாம் செயலரின் பென்சில்
தாளில் இறங்கி இறங்கி
ஒரு வரியில் நின்றது.
எந்த வரி என்று எனக்குத் தெரியும்.
கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம்:
ஐயா, எங்கள் ஊரில்
ரொட்டி பிட்டு வைக்காத மேசையில்
யாரும் வாய் திறப்பதில்லை,
திட்டுவதற்குக்கூட.
சொல்லவில்லை.
கையிலிருந்த குவளையைக் கசக்கினேன்.
காகிதக் குவளை. கசங்கியது.

தேர்வானது.
நாற்காலிக்குச் சரி. ஒலிபெருக்கிக்குச் சரி.
ரொட்டியின் மேல் சிவப்புக் கோடு:
விருந்தோம்பல் செலவு அனுமதியில்லை.
கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
அடியில் என் பெயரைப் பார்த்திருப்பாள்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூனில் அறிக்கை வந்தது.
வந்தவர்கள் எழுபத்தொன்று. நாற்காலி நாற்பது.
முப்பத்தொரு பேர் நின்றார்கள் என்று
யாரும் கேட்காமலே எழுதியிருந்தாள்.
படத்தில் ஒவ்வொரு நாற்காலி முதுகிலும்
உள்ளங்கை அகலத்தில் எங்கள் கொடி.
எங்கள் என்று எழுதிவிட்டேன்.
அவர்கள் கொடி.
மேசை கொள்ளாமல் ரொட்டி, போர்சோக் குவியல்,
கிண்ணம் கிண்ணமாய் வெண்ணெய்.
இணைப்பு நான்கு, சொந்தப் பங்களிப்பு:
மாவு, அறுபது வீடு.
மதிப்பு: போடத் தெரியவில்லை.

கூட்டக் குறிப்பு இரண்டே பக்கம்.
மெய்ரம்பெக் கேட்டார்: பாலம் எங்கே?
தலைவர்: கட்டியாயிற்று.
பின்வரிசையிலிருந்து ஜிபார்குல்:
அப்படியானால் நேற்று என் பசு எதிலிருந்து விழுந்தது?
(சிரிப்பு.)
தலைவர் பாதியில் எழுந்தார்.
எழுந்தவர்
உட்கார்ந்திருந்த நாற்காலியையும் மடக்கிக்
கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

விதிப்படி நான் கேட்டாக வேண்டும்.
பட்டியலில் நாற்பது, இருப்பு முப்பத்தொன்பது,
விளக்கம் தருக.

பத்து நாள் கழித்து, நீல மையில்:

ஐஜிரெக்,
அடுத்த கூட்டம் வியாழக்கிழமை.
பேசப்போவது ஒன்றே ஒன்று, அந்த நாற்காலி.
அந்தப் பக்கத்துக்காரர்களும் தண்ணீரில் இறங்கி வருகிறார்கள்.
பாலத்தை அதற்கடுத்த கூட்டத்தில் கேட்போம்.
ரொட்டியைப் பற்றி நீ எதுவும் எழுத வேண்டாம்.
பசு நலம்.