நான்கெல்லை

வாரம் ஆறு நாள் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறேன்.
கிழக்கே இன்னார் மனை, மேற்கே பஞ்சாயத்துப் பாதை,
வடக்கே வாய்க்கால், தெற்கே தரிசு.
எல்லை சொல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

ஞாயிற்றுக்கிழமை,
புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம்.
போன முகூர்த்தத்து வாழைமரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை.
மூன்றாம் போர்டு. எதிரே அமலோர்பவநாதன்,
நெல்லித்தோப்பில் கிரில் கேட் வெல்டிங்.
கண்ணோரம் நேற்றைய பொறியின் சிவப்பு.

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.
பதிலுக்கு அவர் சிப்பாயைத் தொடவே இல்லை.
குதிரையை அவிழ்த்துவிட்டு
நடுவை அப்படியே போட்டுவைத்தார்,
ஆள் கேட்காத புறம்போக்கு மாதிரி.

யாருக்குத்தான் கை அரிக்காது?
விரட்டினேன். நடுவிலேயே வந்து நின்றது குதிரை.
இன்னொன்றால் விரட்டினேன்,
ஓரமாய்ப் போய் வாலை ஆட்டியது.
நான்காவது சிப்பாயையும் நீட்டினேன்.
கல் நட்டாயிற்று.
இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கட்டங்கள்
இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாய்...

அமலோர் டீ குடிக்க எழுந்து போனார்.

காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்
ஒரு வரி விட்டுப்போனது உறைத்தது:
வில்லங்கம்.
முன்னே போன சிப்பாய் வீடு திரும்ப
எந்தப் புலப்படத்திலும் பாதை கிடையாது.
பிடித்த நிலத்துக்கு இனி இரவும் பகலும் காவல்.
வந்து உட்கார்ந்தவர் கொறிக்கத் தொடங்கினார்,
அவசரமில்லாமல்,
வரப்பை நண்டு கொறிப்பதுபோல.

காக்க முடியாததைக் காத்து என்ன?
இடித்தேன்.
ஒன்றைக் கொடுத்தேன், இன்னொன்றையும்.
மூலையில் நின்ற என் யானையை
அவருடைய மந்திரி வந்து தின்றது. தின்னட்டும்.
ராஜாவை எதிர்ப்பக்கம் கோட்டை கட்டி ஒளித்தேன்.
நான்கில் மிச்சம் ஒரே சிப்பாய்,
அவர் ராஜாவின் தொண்டையில்
சங்கரா மீன் முள்ளாய்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கம்.
ராணியை வைத்துவிட்டு, கடிகாரத்தை அழுத்தாமல்,
நகர்வைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன்.
அடித்தல் திருத்தல் இல்லாமல், சுழித்து, நிறுத்தி.
தொழில் வியாதி.
என் நேரம் தீர்ந்துவிட்டது.

கை கொடுத்தபோது அமலோர் சொன்னார்:
"நாலையும் தள்ளிட்டீங்களா, மேடம்...
அந்த டீ எனக்கு இறங்கவே இல்ல."

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
ஆல்பேட்டை செக்போஸ்ட்.
பாட்டில் தேடிப் பையைத் துழாவிய காவலர்
மடித்த தாளைப் பிரித்தார், புரட்டினார், ஒன்றும் விளங்காமல்
திருப்பிக் கொடுத்தார்:
"பத்திரமா வெச்சுக்குங்க."

பஸ் புறப்படும்வரை
தாளின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தேன்,
அதே நான்கை,
இந்த முறை கொஞ்சம் கிறுக்கலாக.